மூடுவதற்கு முன் கூப்பிடுங்கள்

கட்டட ஆய்வாளர் வேலையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அந்த வேலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற பெண் ஆய்வாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தளம் போடும் முன் ஆய்வாளர் வந்தார். இப்படியும் அப்படியும் நடந்தார், இரண்டு இடத்தில் குனிந்தார், கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். அவர் என்னதான் பார்த்தார் அம்மா?

அந்தக் கால் மணி நேரத்தில் அவர் குனிந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல ஆள்தான் என்று வைத்துக்கொள்வோம். குனியாமல் போயிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

மற்றவர்கள் மேலே ஏறிக் கம்பியைப் பார்ப்பார்கள். நான் முதலில் கீழே, பலகையைத் தாங்கி நிற்கிற முட்டுகளுக்கு நடுவே போய் நிற்பேன். 150 மில்லிமீட்டர் கனமுள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 360 கிலோ ஈரக் கான்கிரீட் இருக்கும். நாலுக்கு ஐந்து மீட்டர் அறை என்றால் ஏழு டன்னுக்கு மேல். அதன்மேல் ஆட்கள், சட்டி, கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் வேறு. இவ்வளவையும் தாங்கப்போவது அந்த முட்டுகள்தான். ஆனால் உயரம் போதவில்லை என்று முட்டுக்குக் கீழே மூன்று செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகியிருப்பார்கள். நேற்று நிரப்பிய மண்மேல், அடியில் பலகைகூட வைக்காமல், நேராக நிறுத்தியிருப்பார்கள். முட்டுக்கு முட்டு குறுக்குக் கட்டு இருக்காது. காலால் லேசாகத் தட்டிப் பார்ப்பேன். தட்டினால் அசைகிற முட்டு எந்தச் சுமையையும் வாங்கவில்லை என்று அர்த்தம். பக்கத்து முட்டு அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கிறது.

அப்புறம் மேலே. கம்பியின் விட்டம், இடைவெளி, லேப் நீளம் (இரண்டு கம்பிகளை இணைக்கும்போது ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுகிற நீளம்) எல்லாம் டிராயிங்கில் இருக்கும். டேப் வைத்து அளந்தால் முடிந்தது. அதில் பெரிய ரகசியம் இல்லை. நான் நேரம் செலவழிப்பது இரண்டு இடங்களில்.

ஒன்று, கவர் பிளாக். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கிற அந்தச் சின்னக் கட்டி. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, மண்ணுக்குள் போகிற அடித்தளத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் என்று கான்கிரீட் போர்வை, அதாவது கவர், இருக்க வேண்டும். கான்கிரீட் நல்ல காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே கம்பி எளிதில் துருப்பிடிக்காது. போர்வை மெலிந்தால் காற்றும் ஈரமும் சீக்கிரம் கம்பியை எட்டிவிடும். கவர் பிளாக் தீர்ந்துபோனால் கையில் கிடைத்த ஜல்லியை எடுத்துச் சொருகிவிடுவார்கள். ஒரு முறை வைப்ரேட்டர் ஓடினால் அது உருண்டுபோய்விடும், கம்பி பலகையில் படுத்துக்கொள்ளும். தளம் காய்ந்தபின் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

இரண்டாவது, பால்கனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் எனக்குப் பயம், இன்றுவரை. அறைக்கு மேலிருக்கிற தளம் நடுவில் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். அதனால் இழுவிசை அடிப்பக்கத்தில், முக்கியமான கம்பியும் அடியில். பால்கனி தலைகீழ். அது முனையில் தொங்கப் பார்க்கும், இழுவிசை மேல்பக்கத்தில் வரும், கம்பியும் மேலே இருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர் சரியாகத்தான் கட்டிவிட்டுப் போவார். மறுநாள் காலை கான்கிரீட் சட்டியோடு இருபது பேர் அதன்மேல் நடப்பார்கள். மேல்கம்பி மிதிபட்டு மிதிபட்டு அடிக்கு இறங்கிவிடும். டிராயிங் சரி, கம்பியின் எண்ணிக்கை சரி, கான்கிரீட்டும் சரி, ஆனால் முட்டுகளைப் பிரிக்கும் நாளில் பால்கனி தொங்கும். அதனால்தான் மேல்கம்பிக்கு அடியில் 'சேர்' என்கிற வளைத்த கம்பி நெருக்கமாக இருக்கிறதா என்று பார்ப்போம், நடக்கப் பலகை போடச் சொல்லுவோம். நான் அந்தக் கம்பிமேல் ஏறி நின்றே பார்ப்பேன். என் எடைக்கே இறங்கினால் கான்கிரீட்டை நிறுத்திவை என்று சொல்லிவிடுவேன்.

உங்கள் வேலை ஒன்றுதான்: எதையும் மூடுவதற்கு முன் கூப்பிடுங்கள். கான்கிரீட் போட்டபின் என்னைப் போன்றவள் வந்து பார்க்கக்கூடியது சாம்பல் நிறம் ஒன்றைத்தான்.

கேள்வி: டிப்ளமோ முடித்து சைட்டில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கலவை இறுகலாக இருக்கிறது என்று மேஸ்திரி தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். வேண்டாம் என்றால் "எனக்கு முப்பது வருட அனுபவம், தம்பி" என்கிறார். என்ன செய்வது மேடம்?

அவர் முப்பது வருடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

தம்பி, முதலில் கணக்கை உங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5. இன்னும் ஐந்து லிட்டர், ஒரு சின்ன வாளியில் பாதி, ஊற்றினால் 0.6. அந்த அரை வாளிக்கு வலிமையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சிமெண்ட் இறுகுவதற்கு அதன் எடையில் கால் பங்கு தண்ணீர் போதும். மிச்சம் எல்லாம் கலவை ஓடுவதற்காக நாம் சேர்ப்பது. அது பின்னால் ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகும். இதை டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1918-லேயே சோதனை செய்து எழுதிவிட்டார். மணல் மழையில் நனைந்திருந்தால் அந்த ஈரமும் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆனால் மேஸ்திரி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. இறுகலான கலவை நெருக்கமான கம்பிக்குள் இறங்காது. இறங்காவிட்டால் தேன்கூடு போல ஓட்டை விழும். அதுவும் கெடுதல்தான். அதனால் அவரோடு வாதாடாதீர்கள். ஸ்லம்ப் கோனைக் கொண்டுவந்து அவர் கண்முன்னே வையுங்கள். 300 மில்லிமீட்டர் உயரமுள்ள தகரக் கூம்பு. அடுக்கு அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 குத்துக் குத்தி, கூம்பை மெதுவாகத் தூக்கினால் கலவை எவ்வளவு அமர்கிறது என்று தெரியும். டிராயிங்கில் சொன்ன அளவுக்கு அமர்ந்தால் இருவரும் வேலையைப் பார்க்கலாம். அமராவிட்டால் அட்மிக்ஸர் சேர்க்கலாம். அது தண்ணீர் கூட்டாமலே கலவையை ஓட வைக்கும். எத்தனை மில்லி என்று டிசைன் செய்தவர் சொல்ல வேண்டும், நீங்களும் மேஸ்திரியும் அல்ல. முப்பது வருட அனுபவக்காரர் ஒரு கூம்பிடம் தோற்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரு பையனிடம் தோற்பதைத்தான் எடுத்துக்கொள்வார்.

இன்னொன்று சொல்கிறேன். சோதனைக்கு வார்க்கிற 150 மில்லிமீட்டர் கியூபுக்கு மட்டும் தனியாகச் சிமெண்ட் கூட்டிக் கலக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கியூப் 28-ஆம் நாள் பிரமாதமாகப் பாஸ் ஆகும். வீடு பாஸ் ஆகாது. அதனால் எந்தச் சட்டியிலிருந்து எடுப்பது என்பதை நான்தான் கைகாட்டுவேன். அதையும் கடைசி நிமிடம்வரை சொல்ல மாட்டேன்.

கேள்வி: தளம் போட்டு எத்தனை நாளில் சென்ட்ரிங் பிரிக்கலாம்? அடுத்த சைட்டுக்குப் பலகை வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்கள்.

பக்கப் பலகையை ஒரு நாளில் எடுக்கலாம். முட்டு வேறு கதை. நான் பழகிய விதிநூலில், தாங்குமிடங்களுக்கு நடுவே நாலரை மீட்டர்வரை நீளுகிற தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு ஆறு மீட்டர்வரை 14, அதற்கு மேல் 21. குளிர்காலத்திலும் சாம்பல் கலந்த சிமெண்டிலும் இன்னும் பொறுக்க வேண்டும். கான்கிரீட்டுக்குப் பலகைக்காரரின் அவசரம் தெரியாது. 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றைக் கட்டினார்கள். முந்தின நாள் போட்ட கான்கிரீட் வலுப்பெறுவதற்குள் சாரத்தின் சுமையை அதன்மேல் ஏற்றினார்கள். அது பிய்ந்துகொண்டு வந்தது. 51 தொழிலாளிகள் இறந்தார்கள். பிரிக்கும்போது பால்கனி என்றால் நுனியிலிருந்து ஆரம்பித்து உள்ளே வாருங்கள். அறை என்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு.

கேள்வி: நான் ஒப்பந்தக்காரன். டிராயிங்கில் இருந்த ஒரே நீளக் கம்பி சந்தையில் கிடைக்கவில்லை என்று இரண்டு துண்டாக்கி இணைத்தேன். அதே கனம், அதே இரும்பு. ஆய்வாளர் வேலையை நிறுத்திவிட்டார். இந்தச் சின்ன விஷயத்துக்கா?

எந்த இடத்தில் இணைத்தீர்கள் என்று எழுதவில்லையே. அதில்தான் எல்லாம் இருக்கிறது.

1981 ஜூலை 17, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி. ஹையாட் ரீஜென்சி ஹோட்டலின் கூடத்தில் இரண்டு நடைபாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி இரண்டு பாலத்தையும் தாங்கிக் கீழே வர வேண்டும். செய்வதற்குச் சிரமம் என்று அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல்பாலம் கூரையில் தொங்கியது, கீழ்ப்பாலம் மேல்பாலத்தில் தொங்கியது. அதே கம்பி, அதே பாலம். கிணற்றுக் கயிற்றில் இரண்டு வாளியைத் தனித்தனி முடிச்சாகக் கட்டுவதற்கும், இரண்டாவது வாளியை முதல் வாளியின் அடியில் கட்டித் தொங்கவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். கயிறுக்கு இரண்டும் ஒன்று. முதல் வாளியின் முடிச்சுக்கு மட்டும் சுமை இரண்டு மடங்கு. மேல்பாலத்து இணைப்பு அன்று மாலை பிய்ந்தது. 114 பேர் இறந்தார்கள்.

உங்கள் மாற்றம் ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். லேப் நீளம் போதுமானதாக, இழுவிசை குறைந்த இடத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளிப் போட்டிருந்தால் கம்பியை இணைப்பது தினமும் நடக்கிற வேலை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டிசைன் இன்ஜினியர். அவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள், ஆய்வாளர் அன்றே விட்டுவிடுவார். நானாக இருந்தால் நானும் நிறுத்தித்தான் இருப்பேன்.

கேள்வி: ஆய்வாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். சைட்டில் பெண் என்றால் மதிப்பார்களா? ஏணி ஏறுவது, குழியில் இறங்குவது எல்லாம் வீட்டில் பயப்படுகிறார்கள்.

வாழ்த்துகள், மகளே. மதிக்க மாட்டார்கள். முதல் இரண்டு வாரம்.

என் முதல் சைட்டில் மூன்றாவது மாடிக்கு ஏணி போட்டு வைத்திருந்தார்கள். நான் ஏறுகிறேனா என்று பார்க்க எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஏணியைப் பார்த்தேன். தலைமாட்டில் ஒரே ஒரு சணல் கட்டு, அதுவும் தளர்ந்து கிடந்தது. ஏணியின் நுனி தளத்தோடு முடிந்துவிட்டது. இறங்கும்போது பிடிக்க ஒன்றும் இல்லை. "இதைக் கட்டிவிட்டு, ஒரு மீட்டர் மேலே நீளுகிற மாதிரி வேறு ஏணி போடுங்கள். நாலு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி அடியை வையுங்கள். அப்புறம் ஏறுகிறேன்" என்றேன். பயந்துவிட்டாள் என்று சிரித்தார்கள். ஏணி வந்தது, ஏறினேன். மேலே போய், மூலைத் தூணில், நிற்கிற கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்குகள் மேல்முனையில் மூன்று குறைவதைக் காட்டினேன். அதன்பின் அந்த எட்டுப் பேரும் அதே ஏணியில்தான் ஏறினார்கள். அவர்களுக்கும் பழைய ஏணி பிடித்திருக்கவில்லை, கேட்கத்தான் ஆளில்லை.

யாரும் சொல்லித்தராத விஷயம் ஒன்று. பெரும்பாலான சைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. இதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று நான் இரண்டு முறை சிறுநீரகத் தொற்று வாங்கினேன். கூச்சப்படாமல் முதல் நாளே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். சைட்டில் கலவை சுமக்கிற பெண்களுக்கும் அது உதவும். பாதத்தில் இரும்புத் தகடு வைத்த ஷூ வாங்கும்போது உங்கள் அளவுக்கே வாங்குங்கள். பெரிய அளவு போட்டுக்கொண்டு சாரத்தில் நடக்காதீர்கள்.

கேள்வி: "கவர்" வாங்காத ஆய்வாளர் உண்டா?

உண்டு. 20 மில்லிமீட்டர் கவர் எங்கே என்று நான் கேட்டபோது தாளில் மடித்த கவரை நீட்டியவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வேன்: "இதைக் கம்பிக்கு அடியில் வைத்தால் நிற்குமா?"

கேள்வி: வீட்டுச் சுவரில் விரிசல். எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான்.

பூச்சில் வலை போல மயிரிழையாக ஓடுவது, பூச்சு காய்ந்ததால் வந்தது; வெள்ளையடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக வருவதும் அனேகமாகப் பிரச்சினை இல்லை. இரண்டும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் நீளும், சுருங்கும். பூசும் முன் அங்கே வலை அடித்திருக்க வேண்டும், அடிக்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போவதைக் கவனியுங்கள். செங்கல் இணைப்பு வழியாகப் படிக்கட்டு போல ஏறி, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் அடித்தளம் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். கூடவே இதுவரை சாத்திய கதவு திடீரென்று இடித்தால் சந்தேகம் இன்னும் பலமாகும்.

விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை ஒட்டிவையுங்கள். கண்ணாடி உடைந்தாலோ, விரிசல் கோட்டைத் தாண்டினாலோ அது நகர்கிறது. அசையாத பழைய விரிசலைவிட நகர்கிற மெல்லிய விரிசல் ஆபத்து.

கூரையின் அடியில் நேர்கோடாக, பழுப்புக் கறையோடு விரிசல் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு, இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும்; அதனால்தான் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதன்மேல் பூசி மறைக்காதீர்கள். சுத்தியால் தட்டுங்கள், 'டங்' என்றால் பரவாயில்லை, 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் கான்கிரீட் பிரிந்து நிற்கிறது. அமெரிக்காவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று அடுக்குமாடி ஒன்று இடிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்த்தடுப்பு கெட்டு, அடியிலுள்ள கான்கிரீட் சேதமாகிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார்.

தூணில் விரிசல் என்றால் பென்சில், கண்ணாடி எதுவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வாருங்கள், அப்புறம் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23 அன்று பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. மேல் தளங்களில் தையல் வேலை செய்தவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்று கட்டடம் இடிந்ததில் 1,134 பேர் இறந்தார்கள்.

கேள்வி: ட்ரோன், ஸ்கேனர் எல்லாம் வந்துவிட்டன. இனி ஆய்வாளர் தேவையா?

ட்ரோன் நல்ல பிள்ளை. நான் ஏறத் தயங்கிய இடத்துக்கெல்லாம் போகிறது. கவர் மீட்டர் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லும். ரீபவுண்ட் சுத்தி மேற்பரப்பு எவ்வளவு கடினம் என்று சொல்லும். இவை எதுவும் "முட்டுக்கு அடியில் செங்கல் வைத்தது யார்?" என்று கேட்காது.

கேள்வி: நீங்கள் தவறவிட்டது உண்டா?

உண்டு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். அடித்தளத்துக்கு ஐந்து குழிகள். நாலைப் பார்த்தேன். ஐந்தாவதில் இரவு மழைத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. "அதுவும் இதே மாதிரிதான் மேடம், ஒரே ஆள்தான் கட்டினான்" என்றார் சூப்பர்வைசர். மணி ஐந்தரை. கையெழுத்துப் போட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஏழு மணிக்குப் போனால் ஐந்திலும் கான்கிரீட் போட்டு முடித்திருந்தார்கள். ஐந்தாவதன் பக்கத்தில் மட்டும் தோண்டச் சொன்னேன். கம்பிக்கு அடியில் முதலில் போட வேண்டிய மட்டக் கான்கிரீட்டே இல்லை. கம்பிவலை சேற்றில் படுத்துக் கிடந்தது. ஓரத்தில் கையை விட்டபோது கம்பியே விரலில் தட்டுப்பட்டது. முழுவதையும் உடைத்து எடுக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் கோபப்படவில்லை. சைட் பதிவேட்டைத் திறந்து முந்தின நாள் பக்கத்தைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அதே பக்கத்தில் கீழே எழுதினேன்: "ஐந்தாவது குழியை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகக் கையெழுத்திட்டது என் தவறு." தேதி போட்டேன். மேலதிகாரியிடம் அதற்கான குறிப்பாணையும் வாங்கினேன், அந்த வருடத்துச் சம்பள உயர்வும் தள்ளிப்போனது. அதற்குப் பிறகு குழியில் தண்ணீர் நின்றால் மோட்டார் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கரையில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவேன். சில நாள் இருட்டும்வரை இறைத்திருக்கிறார்கள். பையில் டார்ச் எப்போதும் இருக்கும்.